அடங்காதவள் பேரில் ஐந்து சொல்

ஸில்லா ஹாஸ்லமைப் பற்றிப் பேச அந்த ஊருக்கு ஒரு சொல் போதவில்லை. இங்கிலாந்தில், பஞ்சு மில்கள் நிறைந்த லங்காஷயரில் மழைக்கு எத்தனை பேர் உண்டோ அத்தனை பேர் அவளுக்கும் இருந்தன. நடக்கப் பழகுமுன்பே அவள் அம்மா அவளை "மார்டி" என்றாள். தொட்டதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அங்கே அதுதான் பேர். வேதப்பள்ளி ஆசிரியை "வில்ஃபுல்" என்றாள், தன் இஷ்டத்துக்கு ஆடுகிறவள் என்று. பக்கத்து வீட்டுக்காரிகள் "ப்ரேஸன்" என்றார்கள். பித்தளையில் வார்த்த முகம், வெட்கம் ஒட்டாது என்று அர்த்தம். வீட்டுச் சொற்கள் எல்லாமே குட்டையானவை. ஓங்கிய கை கன்னத்தில் விழுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். மில் ஆபீஸில் புழங்கும் சொற்கள் வேறு ரகம். நீளமானவை, கோட்டுப் போட்டவை. அவை தாளில் ஏறினால் வேலை போகும்.

ஸில்லாவுக்கு எதிர்த் தறிகளில் நின்ற ஹெஸ்டர் கிராப்ட்ரீக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்தது ஒரே சொல், "ஸ்டெடி". அலுங்காமல் குலுங்காமல் இழுத்துக்கொண்டு போகிறவள். வண்டிக் குதிரைக்கும் அதையேதான் சொல்வார்கள். பத்து வயதில் மில்லுக்குள் வந்தவள், இப்போது நாற்பத்தாறு. முழங்கால் இரண்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்லும். வீட்டில் புருஷன் சேத், நெஞ்சுச் சளியோடு அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறான். இவளுடைய நாலு தறிதான் இரண்டு பேருக்கும் சோறு. அதனால் அவள் யாரிடமும் வாய் கொடுப்பதில்லை. ஸில்லா வாய் கொடுப்பதைப் பார்ப்பாள். அடுத்தவள் பட்டாடையை ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

ஸில்லாவுக்கு அந்தத் தறிகள் வந்தது செப்டம்பரில். அதற்கு முன்னால் அவற்றை ஓட்டியவள் டோர்கஸ். விதவை, இரண்டு பிள்ளைகள், சேப்பல் பாட்டுக் குழுவில் முதல் வரிசைக் குரல். இரண்டு வருஷம் இருமி இருமி, கடைசியில் கைக்குட்டையில் சிவப்பு கண்டு போய்ச் சேர்ந்தாள். தறியோடு, குறுக்கு நூலைச் சுமந்து அதற்குள் ஓடும் படகு மாதிரிக் கட்டைகளான அவளுடைய நாடாக்களும் ஸில்லாவுக்கே வந்தன.

நாடாவில் நூல் சுற்றிய தார் தீர்ந்தால் புதுத் தார் போட்டு, நூல் முனையை நாடாவின் சின்னக் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். கண்ணில் உதட்டை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நூல் வந்துவிடும். அதற்கு முத்தம் கொடுப்பது என்று பேர். ஒரு நாளைக்கு முந்நூறு முத்தம். பஞ்சுத் தூசி, எண்ணெய், சாயம் எல்லாம் நாக்குக்கு வரும். முன்பல் முப்பது வயதில் கறுத்துப்போகும். எவள் எச்சில் எவள் வாயில் என்று கணக்குப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஸில்லா முத்தம் கொடுக்க மாட்டேன் என்றாள். கொண்டை ஊசி ஒன்றை வளைத்துக் கொக்கியாக்கி, அதை நாடாவின் கண்ணுக்குள் விட்டு நூலை இழுத்தாள். மற்றவள் ஒரு மூச்சில் முடிப்பதற்கு இவளுக்கு மூன்று மூச்சு ஆயிற்று. துணியில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் மேஸ்திரி வால்ட் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான், மூன்றாம் தடவை தலையைச் சொறிந்துகொண்டு மேலே போய்ச் சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை மானேஜர் கிரிட்ச்லி இறங்கி வந்தார். ஆகஸ்டில்தான் மான்செஸ்டர் துணிக் கிடங்கிலிருந்து வந்தவர். துணியை விற்கத் தெரியும், கிழிசலை ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். ஆனால் நானூறு தறி ஓடும் கூடத்தில் நின்று பழக்கமில்லை. அந்தச் சத்தத்தில் காதுக்கு வேலை கிடையாது. நெசவுக்காரிகள் உதட்டை அகலமாக வளைத்து, சத்தமே இல்லாமல் பேசுவார்கள். கூடத்தின் இந்தக் கோடியில் ஒருத்தி "நேத்து ராத்திரி என்ன குழம்பு?" என்று உதட்டால் கேட்டால், அந்தக் கோடியிலிருந்து "உருளைக்கிழங்குதான், வேற என்ன" என்று பதில் வரும். கிரிட்ச்லி முதல் வாரம் இவர்கள் எல்லாரும் எதையோ மென்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, வேலை நேரத்தில் தின்னக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். இன்னும் அந்த நோட்டீஸ் கதவில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அவர் ஸில்லாவின் காதருகே குனிந்து கத்தினார். "வாயால இழு. எல்லாரும் எப்படிப் பண்றாங்களோ அப்படி."

ஸில்லா தறியை நிறுத்தினாள். நாடாவை எடுத்தாள், ஏப்ரனில் துடைத்தாள், இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். கோயிலில் தட்டு நீட்டுகிற மரியாதை.

"நீங்க முதல்ல ஒண்ணு குடுங்க ஐயா. நான் பின்னாடியே குடுக்கறேன். இது டோர்கஸோடது."

கிரிட்ச்லியின் கழுத்து காலர் வரைக்கும் சிவந்தது. வால்ட் தன் பூட்ஸைப் பார்த்தான். கிரிட்ச்லி நிமிர்ந்தார், கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். அந்த இரைச்சலில் தன் குரல் தன் காதுக்கே எட்டவில்லை என்பதால் யாருக்கும் எட்டாது என்று அவர் நம்பினார்.

"அவ நாடாவால சாகல. கண்டவனுக்கெல்லாம் குடுத்த முத்தத்துல செத்தா."

அவர் முகம் கூடத்தைப் பார்த்து இருந்தது. எண்பது பெண்கள் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தறியும் நிற்கவில்லை. ஹெஸ்டருக்குப் பின்னால் ஒருத்தி உதட்டால் கேட்டாள், "பாத்தியாடி?" "பாத்தேன்." அது தறிகளுக்கு நடுவே சந்து சந்தாக, புல்லில் காற்றுப் போவதுபோல், கடைசிச் சுவர் வரைக்கும் போயிற்று. கிரிட்ச்லி அவர்களுக்கு நடுவே நடந்து வெளியே போனார். போகிற வழியில் எல்லாரும் மென்றுகொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை சாப்பாட்டு மணி அடித்து இன்ஜின் நின்றதும் வால்ட் வந்து ஹெஸ்டரிடம் சொன்னான்: "மேல கூப்பிடறாரு, ஹெஸ்டர். கையெழுத்து ஒண்ணு வேணுமாம்."

விஷயம் அவளுக்குத் தெரியும். நடத்தை சரியில்லை என்று ஒரு நெசவுக்காரியை வெளியே அனுப்ப வேண்டுமென்றால், அதே சந்தில் நிற்கிற ஒருத்தி சாட்சி சொல்ல வேண்டும் என்று சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் பேச்சு. வியாழக்கிழமை சங்கத்து ஆட்கள் வருவார்கள். தாளில் கையெழுத்து இருந்தால் ஸில்லா வெள்ளிக்கிழமை தெருவில். அந்தத் தாள் அவளுக்கு முன்னால் பள்ளத்தாக்கிலுள்ள எல்லா மில்லுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கையெழுத்துப் போடாவிட்டால் ஹெஸ்டரின் நாலு தறிக்கு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

ஆபீஸில் கணப்பு எரிந்தது. அந்தச் சூடு பட்டதும் அவளுக்குத் தூக்கம்தான் வந்தது.

"உட்காருங்க மிஸஸ் கிராப்ட்ரீ," என்றார் கிரிட்ச்லி. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "நீங்க முப்பத்தாறு வருஷமா ஒரு சொல்லுக்கு இடம் வைக்காதவங்க. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். அந்தப் பொண்ணு பேசினதைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். போய்ச் சாப்பிடலாம்."

தாளைத் தள்ளினார். அழகான கையெழுத்து. ஹெஸ்டர் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள். ஸில்லா ஹாஸ்லம் என்ற பேருக்குக் கீழே ஐந்து சொற்கள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் கமா. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே சொல்லை ஐந்து சட்டை மாற்றி நிறுத்தியதுபோல் இருந்தது.

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் அவள் மனசு முதலில் சொன்னது. பேனாவைக்கூட எடுத்தாள். ஆனால் நெசவுக்காரி கண், குறை கண்ட இடத்தில் நின்றுவிடும்.

"இது என்னங்க ஐயா? முதல்ல இருக்கே."

"அன்ரூலி. கட்டுக்கு அடங்காதவ. கத்தறது, அமளி பண்றது."

"அவ கத்தலீங்களே. தறியை நிறுத்திட்டுத்தானே பேசினா. கத்தினது நீங்கதான்."

கிரிட்ச்லி மூக்கால் மூச்சு விட்டார். "சரி. அதை விட்டுடுவோம்." ஒரு கோடு போட்டு அடித்தார். நாலு சொல் போதும் என்று நினைத்திருக்கலாம்.

"அடுத்தது, டிஸொபீடியண்ட். இதாவது தெரியுமே? சொன்னதைக் கேக்காதவ."

"தெரியுங்க. எங்க வீட்டுல நாய்க்குச் சொல்லுவோம்." ஹெஸ்டர் சற்று யோசித்தாள். "நூலை இழுன்னீங்க, இழுத்தா. துணி நெய்தா. அவ துணியில ஒரு ஓட்டை காட்டுங்க, நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"வாயால இழுக்கச் சொன்னேன்."

"அது கதவுப் பலகையில இல்லீங்களே. தலை சீவக் கூடாதுன்னு இருக்கு, விசில் அடிக்கக் கூடாதுன்னு இருக்கு. இப்போ திங்கக் கூடாதுன்னு வேற இருக்கு. வாயை வைக்கணும்னு எங்கயும் இல்லை. தினம் காலையில அது முன்னால நின்னு மழைத்தண்ணியை உதறறவ நான். மனப்பாடமாத் தெரியும்."

அவள் வாயாடவில்லை. அப்படியே, துணியை மடிப்புப் பிரித்துக் காட்டுகிற குரலில் சொன்னாள். அதனால்தான் கிரிட்ச்லிக்கு எங்கே கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தச் சொல்லை அவர் அடிக்கவில்லை, பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

மூன்றாவது சொல்லுக்கு விரல் போனதும் ஹெஸ்டர் நிறுத்திவிட்டாள்.

"அது ரிஃப்ராக்டரி," என்று ஆரம்பித்தார் கிரிட்ச்லி. "அதாவது..."

"அதை நீங்க சொல்ல வேண்டாம் ஐயா. அது எனக்குத் தெரியும்."

நீளமான சொல். ஆபீஸ் பையன்களுக்கே நாக்கு சுளுக்கும். ஆனால் ஹெஸ்டர் படித்த முதல் பெரிய சொல் அதுதான். வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் ஏழை விடுதியில், சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டிய நடைக் கோடியில், ஒரு கதவின் மேல் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தது. சொன்னதற்கு வளைந்து கொடுக்காதவர்களை அடைக்கும் அறை அது. அப்போது அவளுக்கு ஏழு வயது. அப்பா சுரங்கத்தில் இறந்தபின் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் அங்கே போனார்கள், அம்மா பெண்கள் பக்கம், பிள்ளைகள் பிள்ளைகள் பக்கம். பிறந்து ஒன்பது மாதமான தம்பி ஒரு திங்கட்கிழமை இறந்தான். செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பழைய கப்பல் கயிறு பிரிக்க உட்காரச் சொன்னார்கள். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். திட்டவில்லை, அழவுமில்லை. கையைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க, ரொட்டியும் தண்ணீரும் மட்டும். குழந்தையைப் புதைத்தபோது அம்மா உள்ளே இருந்தாள்.

ஹெஸ்டர் இதை முழுக்கச் சொல்லவில்லை. "எங்கம்மாவை அந்தப் பேர் போட்ட ரூம்ல அடைச்சாங்க. என் தம்பியைப் புதைச்ச அன்னைக்கு. கயிறு பிரிக்கலைன்னு," என்றாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எங்கம்மா மாதிரி ஒருத்தியை நான் அதுக்கப்புறம் பாக்கவே இல்லை, நேத்து வரைக்கும்," என்றாள்.

கிரிட்ச்லி அந்தச் சொல்லை அடித்தார். இந்தத் தடவை கோடு நேராக விழவில்லை.

"மிஸஸ் கிராப்ட்ரீ, நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை," என்றார். "ஆனா நாலாவதைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல முடியாது. இன்சோலண்ட். மேலே இருக்கறவங்களை அவமானப்படுத்தறது. நாடாவை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. நீங்க பக்கத்துல நின்னீங்க. கேட்டீங்களா இல்லையா?"

"கேக்கலை."

"என்னது?"

"யாருக்கு அங்க காது கேக்குது? பாத்தேன்." அவள் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "நாங்க வாயைப் பாத்துப் பேசுவோங்க ஐயா. சத்தம் வேண்டாம். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் பேசுவோம். அவ நாடாவை நீட்டினதை எல்லாரும் பாத்தாங்க. அவ சொன்னதையும் பாத்தாங்க."

கிரிட்ச்லி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "ரொம்ப நல்லது! அப்போ சாட்சி ஒண்ணு இல்லை, எண்பது."

"ஆமாங்க. எண்பது." இத்தோடு எழுந்து போய்விடலாம். சேத்தின் இருமல் காதில் கேட்டது. ஆனால் வாய் ஏற்கெனவே திறந்துகொண்டிருந்தது, அவளைக் கேட்காமல். "நீங்க சொன்னதையும் பாத்தாங்க. டோர்கஸைப் பத்தி."

கணப்பில் நிலக்கரி ஒன்று சரிந்து விழுந்தது.

நேற்றுக் கூடத்தில் தான் நடந்து வந்த வழி முழுவதையும் இப்போது திரும்ப நடக்கிறார் என்பது கிரிட்ச்லியின் முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு தறியாக, ஒவ்வொரு முகமாக. ஆகஸ்டிலிருந்து அவர்கள் என்ன மென்றுகொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் அவருக்கு எட்டியது.

"நாளைக்குச் சங்கத்து ஆளுங்க வருவாங்க," என்றாள் ஹெஸ்டர். "இந்தச் சொல்லு அங்க இருந்தா, யார் யாரைச் சொன்னாங்கன்னு கேப்பாங்க. கேட்டா சொல்லணும். டோர்கஸோட மூத்த பொண்ணு கீழ்ச் சந்துல தறி துடைக்கிறா. அவளும் பாத்தா. நான் மிரட்டலீங்க. எனக்கு அது வராது. எனக்குக் கால் வலிக்குது, நான் போகணும். ஆனா பொய்யில கையெழுத்துப் போட முடியாது."

கிரிட்ச்லி நாலாவது சொல்லை அடித்தார். பிறகு பென்சில் புள்ளி வைத்திருந்த இரண்டாவதையும் அடித்தார். தாளில் ஒன்று மிச்சம்.

"ஆப்ஸ்டினேட்," என்று ஹெஸ்டரே படித்தாள். "பிடிவாதம்தானே?"

"ஆமா."

"இது உண்மை ஐயா. இதை அடிக்காதீங்க. இதுக்கு வேணும்னா நான் கையெழுத்துப் போடறேன்." போட்டாள், கோணலாக, மை சிந்தாமல்.

பிடிவாதத்துக்காக ஒருத்தியை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் லங்காஷயரில் ஒரு மில் ஓடாது. இது கிரிட்ச்லிக்கும் தெரியும். தாளை இரண்டாக மடித்து இழுப்பறையில் வைத்தார்.

"அந்தக் கொக்கி..." என்றாள் ஹெஸ்டர், கதவருகே.

"எந்தக் கொக்கி? நான் ஒண்ணும் பாக்கலை." முகத்தைத் திருப்பிக்கொண்டு நடத்தைப் பதிவேட்டை எடுத்தார். "டோர்கஸ் நாடாவையெல்லாம் வால்ட்டை விட்டு எரிக்கச் சொல்றேன். புதுசு வரும். நீங்க போகலாம்."

ஹெஸ்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதிப் படியில் உட்கார்ந்து, எழுந்து, இறங்கினாள்.

முற்றத்தில் தூறலில் ஸில்லா நின்றுகொண்டிருந்தாள், சால்வை தலையில், கையில் ஆறிப்போன உருளைக்கிழங்கு அப்பம். ஊரே பயந்த முகம் அன்றைக்குச் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஹெஸ்டரைக் கண்டதும் அதை மறைத்துக்கொண்டாள்.

"என்னடி, போட்டுக் குடுத்துட்டியா? போட்டா பரவால்ல. உன் புருஷனுக்கு மருந்து வேணும்ல."

"தறி உன்னோடதுதான். நாடா புதுசு வருது."

ஸில்லா மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணை இரண்டு மூன்று தடவை மூடித் திறந்தாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கேட்டாள், "என்னன்னு எழுதியிருந்தான்?"

ஹெஸ்டர் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதை எப்படி அடித்தது என்பதையும் சொன்னாள். நாலாவதுக்கு வந்தபோது ஸில்லா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கையை விடவில்லை.

"டோர்கஸுக்காக அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னியா? நீயா?"

"சொல்லிட்டேன். எப்படின்னு கேக்காதே."

"சரி, அன்ரூலியை ஏன் அடிக்கவிட்ட? நல்ல சொல்லாச்சே அது! எங்கம்மா இருபது வருஷமாத் தொண்டை கிழியக் கத்தி எனக்கு வாங்கிக் குடுத்த பேரு!"

"நீ நேத்துக் கத்தலைடி. பொய்யா எழுதலாமா?"

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன. நான் கதவு கிட்ட வரும்போது பதிவேட்டுல என் பேருக்கு நேரா ஏதோ எழுதினாரு. திரும்பிப் பாத்தேன்." ஹெஸ்டர் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆப்ஸ்டினேட்னு எழுதியிருக்காரு. தலைகீழாத் தெரிஞ்சுது, ஆனாலும் படிச்சுட்டேன்."

ஸில்லா அவள் கையை உதறினாள்.

"அரை மணி நேரத்துலயா? ஏ கிழவி, நான் பிறந்ததிலேர்ந்து உழைச்சு வாங்கினதை நீ சாப்பாட்டு மணிக்குள்ள போய் வாங்கிட்டு வந்துட்டியே!"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் அழுகை வந்தது, அதையும் விட்டுவிட்டுச் சிரித்தாள். அப்பத்தின் மிச்சத்தைப் பிய்த்து, பெரிய துண்டை ஹெஸ்டரிடம் கொடுத்தாள். அவள் தின்று முடிக்கும் வரை மழை படாமல் தன் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இன்ஜின் மூச்சு வாங்க ஆரம்பித்தது. தறிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. இனி பேசினால் கேட்காது என்பதால் ஸில்லா உதட்டால் மட்டும் சொன்னாள், அகலமாக, ஒவ்வொரு எழுத்தாக.

"மெதுவாத் தின்னு. அவனுங்க காத்திருக்கட்டும்."